நமீபியா குவாட் பைக் டூர்: கைடு கூட வந்தா போதுமா?

மணல்காத்து:
வர்ற டிசம்பர்ல நாலு பேர் நமீபியா போறோம். ஸ்வாகோப்முண்ட்ங்கிற கடலோர ஊர்ல தங்கி, கைடோட பல நாள் குவாட் பைக் (மணல்ல ஓட்டுற நாலு சக்கர பைக்) டூர். கடலோர மணல்மேடு, உள்ளே சரளைச் சமவெளி, ஸ்வாகோப் ஆத்தோட காஞ்ச படுகை, எல்லாம் ஒரே சுத்துல. வீட்ல ஆபத்துன்னு ஒரே பேச்சு. கைடு முன்னாடி போறாரு, நாம அவர் தடத்துலயே போறோம். இதுல என்னங்க ஆபத்து?

ஒத்தக்கல்:
கைடு அவர் வண்டியைத்தான் ஓட்டுவாரு ப்ரோ, உங்க வண்டியை இல்ல. நாலு சக்கரம் இருக்கேன்னு நம்புறதுதான் முதல் கோளாறு. அகலம் கம்மி, உயரம் ஜாஸ்தி, எடை இருநூறு முந்நூறு கிலோ. சரிவுல குறுக்கே திருப்பினா உருண்டு ஆள் மேலேயே விழும். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர்ல இருந்து விக்கிற புதுப் பண்ணை குவாட் எல்லாத்துக்கும், கவிழ்ந்தா ஆள் நசுங்காம காக்கிற கம்பி கட்டாயம். ஹோண்டாவும் யமஹாவும் அதை ஏத்துக்காம அங்க பண்ணை குவாட் விக்கிறதையே விட்டுட்டாங்க. சும்மா போட்ட சட்டம் இல்ல.

டீசல்ராஜா:
பண்ணையையும் டூரையும் ஏன் சார் முடிச்சுப் போடுறீங்க? அங்க மருந்து டேங்கைக் கட்டிக்கிட்டு, ஹெல்மெட் இல்லாம, தனியா மேட்டுல ஏறுவாங்க. நான் ஸ்வாகோப்முண்ட்ல ஓட்டியிருக்கேன். மணல்மேட்டுக்கு ஒரு பக்கம் காத்து ஏத்தின சாய்வு, மறுபக்கம் முப்பது டிகிரிக்கு மேல செங்குத்தா இறக்கம். கீழிருந்து பார்த்தா உச்சி மட்டும்தான் தெரியும். எங்க கைடு ஒவ்வொரு உச்சிக்கு முன்னாடியும் எல்லாரையும் நிறுத்திட்டு, தான் மட்டும் ஏறிப் பார்த்து, ஒவ்வொருத்தரா கையசைச்சு விடுவாரு. இறங்கும்போது வண்டி மூக்கு நேரா, உடம்பு பின்னாடி, முன் பிரேக்கைத் தொடவே கூடாது. இதைச் சொல்லிக் கொடுக்கத்தானே கைடுக்குக் காசு?

ஒத்தக்கல்:
சொல்லிக் கொடுக்கலாம். பயந்த கை கேக்கணுமே! குவாட்ல ஆக்சிலேட்டர் வலது பெருவிரல்ல. வண்டி ஆட்டினதும் புதுசா ஓட்டுறவன் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பான், பெருவிரலும் சேர்ந்து அழுந்தும், வண்டி இன்னும் பாயும். கைடு அப்போ அம்பதடி முன்னாடி இருப்பாரு.

கணக்குப்புள்ள:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு. நிறைய பயண இன்சூரன்ஸ்ல குவாட் பைக் விலக்குப் பட்டியல்ல இருக்கும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிங்க.

டீசல்ராஜா:
இது நியாயம். ஆனா ஒத்தக்கல் சார் சொல்றதைக் கேட்டா யாருமே புல்லட்கூட வாங்க முடியாது.

ஒத்தக்கல்:
சரி, விழுந்தா உங்க எலும்பு, உங்க இஷ்டம். எனக்கு நிஜமா உறுத்துறது அந்தச் சரளைச் சமவெளி. மணல்மேட்டுல விழுற தடத்தைக் காத்து அழிச்சிடும், அங்க ஓட்டுறதுல எனக்குப் பெரிய வருத்தம் இல்ல. சரளையில அப்படி இல்ல. மேல இருக்கிற மெல்லிய ஓடு ஒரு தடவை உடைஞ்சா டயர் தடம் பல பத்து வருஷம் அப்படியே கிடக்கும். அந்தக் கல்லுல கருப்பும் ஆரஞ்சுமா ஒட்டியிருக்கிறது அழுக்கு இல்ல, லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்ற உயிர். மழையே இல்லாத ஊர்ல கடல்பனியைக் குடிச்சு உயிர் வாழுது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்றது சந்தேகம். அப்புறம் டமாரா ஆலான்னு ஒரு சின்னக் கடல்பறவை. உலகத்துல இருக்கிறதுல பெரும்பகுதி நமீபியக் கரையிலதான் குஞ்சு பொரிக்குது. கூடு கிடையாது, வெறும் சரளையில ஒரே ஒரு முட்டை, அதுவும் கல் நிறத்துல. டயருக்குக் கீழ போறது உங்களுக்கே தெரியாது. சீசன் நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும். நீங்க போறது டிசம்பர்.

டீசல்ராஜா:
அதுக்குத்தானே 2010ல அந்தக் கரையை டோரோப் தேசியப் பூங்கான்னு அறிவிச்சு, ஒதுக்கின இடத்துல மட்டும் ஓட்டுன்னு வச்சிருக்காங்க? எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு உள்ளூர் கைடுக்குத் தெரியும். கைடு இல்லாம வாடகைக்கு எடுத்துட்டுப் போறவன்தான் லைக்கன் மேல வட்டம் போடுறான். அவனைத் திட்டுங்க.

ஒத்தக்கல்:
எட்டு வண்டிக்கு ஒரு கைடு. கடைசி வண்டி வளைவுல ரெண்டடி விலகினா யாரு பார்க்கிறா?

மணல்காத்து:
டூர்காரங்களுக்கு மெயில் போட்டுட்டேன்: சரளைப் பகுதியில ஏற்கெனவே இருக்கிற பாதையில மட்டும்தானா, வரிசைக்குப் பின்னாடி ரெண்டாவது கைடு வருவாரான்னு. தேதி மட்டும் மாத்த முடியாது, நாலு பேருக்கும் லீவு அப்பதான் ஒத்து வருது.

ஒத்தக்கல்:
அப்போ சரளையை விட்டுட்டு மணல்மேட்டை மட்டும் கேளுங்க. காசும் குறையும்.

டீசல்ராஜா:
குறையாது சார், அதான் அங்க காஸ்ட்லி.