216 நிறத்துக்குள்தான் வெப்சைற் செய்ய வேண்டுமா? பனங்கட்டி ஈரல் மாதிரித் தெரிகிறது

சுன்னாகத்தான்:
வணக்கம். சின்னம்மாவின் கடைக்கு ஒரு வெப்சைற் செய்கிறேன். பனங்கட்டிக் குட்டான், ஒடியல், ஓலைப்பெட்டி எல்லாம் வெளிநாட்டுச் சனம் பார்த்து ஓடர் பண்ணத்தான். ரியூசனில் எழுதிய பழைய கொப்பியில் '216 பாதுகாப்பான நிறங்களுக்கு வெளியே போகக்கூடாது' என்று இருக்கிறது. பனங்கட்டிக் கபிலம், சிவப்பு, பச்சை, நீல அளவில் சொன்னால், 123, 74, 30. அதற்குக் கிட்டின 'பாதுகாப்பான' நிறம் 102, 51, 51. சின்னம்மா பார்த்துவிட்டு "என்னடா இது, ஈரல் மாதிரி" என்கிறா. அதோடு குட்டான் போட்டோவில் பின்சுவர் பட்டை பட்டையாகத் தெரிகிறது. போனிலும் அப்படி, லப்டொப்பிலும் அப்படி. இந்த விதி இன்னும் இருக்கிறதா?

கொக்குவில் அண்ணை:
தம்பி, அந்தக் கொப்பியை மூடி வையும். திரைகள் 256 நிறம் மட்டும் காட்டிய காலத்து விதி அது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0, 51, 102, 153, 204, 255 என்று ஆறு படி; 6×6×6 = 216. வடிவு பார்த்துப் பொறுக்கின நிறங்கள் இல்லை, வெறும் பெருக்கல் கணக்கு. இப்போது ஒவ்வொன்றுக்கும் 256 படி, மொத்தம் ஒரு கோடியே 67 லட்சம். 123, 74, 30ஐ அப்படியே போடும்.

சரி, போட்டோவை எந்த வகையில் சேமித்தீர்?

சுன்னாகத்தான்:
ஜிஃப், அண்ணை. ஃபைலின் பாரம் குறையும் என்று நினைத்தேன்.

கொக்குவில் அண்ணை:
அங்கேதான் பிழை. ஜிஃப்பில் ஒரு படத்துக்கு 256 நிறம்தான். சுவரில் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்குகிற இடத்துக்கு அது காணாது, பட்டை விழும். போனில் எடுத்த மூலப்படத்திலிருந்து ஜேபெக்காகச் சேமியும். ஜிஃப்பையே ஜேபெக்காக மாற்றினால் பட்டையும் சேர்ந்துதான் வரும். கடைப் பெயர்ப் படத்துக்கு மூன்று நிறம்தானே, அதை 8 பிட் பிஎன்ஜியில், அதாவது 256 நிறத்துக்குள் நிற்கிற பட வகையில் வையும். அதற்கு மட்டும் நிறக்குறைப்பு இன்றைக்கும் நல்லது, பாரம் நன்றாகக் குறையும்.

பனங்கூடல் அக்கா:
தம்பி, உம்முடைய பக்கத்தைத் திறந்து எண்ணினேன், 11 நிறம்! கோயில் திருவிழா மாதிரி. 216 போகட்டும், மூன்று நாலு நிறத்தோடு நில்லும். அதோடு வெள்ளையில் மஞ்சளால் விலை எழுதியிருக்கிறீர், 255, 204, 0. அது உம்முடைய 216க்குள் உள்ள நிறம்தான், ஆனால் வெள்ளையோடு கொன்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 1.5தான் வருகிறது. சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும். பனங்கட்டிக் கபிலம் 7ஐத் தாண்டும். திருநெல்வேலிச் சந்தை வெயிலில் நின்று போனில் பாரும், விலையே இருக்காது.

'முடிந்துவிட்டது' என்பதற்குச் சிவப்புப் புள்ளி மட்டும் வைத்திருக்கிறீர், எழுத்திலும் போடும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் பனங்கட்டி தின்பார்கள்.

சுன்னாகத்தான்:
ஜேபெக்கில் சேமித்தேன், பட்டை போய்விட்டது. விலை இப்போது கபிலத்தில். மஞ்சளை விட மனமில்லை அக்கா, ஓடர் பொத்தானுக்குப் பின்னணியாக மட்டும் வைத்து மேலே கபில எழுத்துப் போட்டேன், 4.9 வருகிறது. நிறம் சரி என்று சின்னம்மாவும் சொல்லிவிட்டா. இப்போது எழுத்துச் சின்னனாம். அதற்கு வேறு இழை போடுகிறேன்.