தோப்புக் கிணற்றுக்குச் சூரிய ஒளி கேமரா வாங்கலாமா?

கிணற்றுமேடு:
உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. நான் இருப்பது கோவையில். இரண்டு வருடத்தில் இரண்டு முறை மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக்காகத்தான், ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. தோப்பில் வீடும் இல்லை, இணைய வசதியும் இல்லை. பேனல், பேட்டரி, சிம் எல்லாம் சேர்ந்தே வரும் கேமரா இரண்டு வாங்கி, கிணற்றோரத் தென்னையில் ஆணி அடித்து மாட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

வெயில்காய்ச்சி:
தயங்காமல் வாங்குங்கள். அப்பாவின் தோட்டத்தில் ஒன்றரை வருடமாக ஓடுகிறது. ஆள் நடமாடினால் உடல் சூட்டை உணர்ந்து விழித்துக்கொள்ளும், சில விநாடிப் படம் பிடித்துக் கைபேசிக்கு அனுப்பும், மறுபடி தூங்கிவிடும். தூங்குவதால்தான் உள்ளங்கை அகலப் பேனலே அதற்குப் போதுமாக இருக்கிறது. மாட்ட அரை மணி நேரம். அறுப்பதற்கு வயரே கிடையாது என்பது உங்கள் விஷயத்தில் பெரிய லாபம்.

பழைய வயர்மேன்:
தூங்குகிற காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறீர்கள். அந்தச் சூட்டு உணரி எட்டு, பத்து மீட்டருக்குள்தான் நம்பகமாக வேலை செய்யும். குறுக்கே நடப்பவனை நன்றாகப் பிடிக்கும். நேராகக் கேமராவை நோக்கி வருபவனைத் தாமதமாகத்தான் உணரும். விழித்துக்கொள்ளவே ஒரு விநாடி போய்விடும். வண்டிப்பாதையில் பைக்கில் வருபவனின் முதுகுதான் படத்தில் இருக்கும்.

என் வழி வேறு. கேமராவுக்கு 5 வாட், சிம் ரௌட்டருக்கு 5 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஐந்து மணி நேரத்தில் இழப்பு போக 350 தரும். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வைத்தால் வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். இரவு பகல் நிற்காமல் பதிவாகும்.

வெயில்காய்ச்சி:
ஐயா, கேபிள் திருடனுக்குப் பேனலையும் பேட்டரியையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்கிறீர்கள்! நிற்காமல் பதிவு செய்வது சரி, அதை எப்படி அனுப்புவீர்கள்? விநாடிக்கு 2 மெகாபிட் என்றாலும் மணிக்கு 900 எம்பி, நாளுக்கு 21 ஜிபிக்கு மேல். எந்த சிம் தாங்கும்?

இவருக்கு வண்டிப்பாதை முக்கியமில்லை. கேபிளை அறுக்கிறவன் கிணற்றடியில் பத்து நிமிடமாவது குனிந்து நிற்க வேண்டும். ஒரு விநாடி தாமதத்தில் அவன் ஓடிவிட மாட்டான்.

பழைய வயர்மேன்:
அனுப்பச் சொன்னேனா? 128 ஜிபி கார்டில் ஆறு நாள் பதிவு அங்கேயே இருக்கும், வேண்டிய துண்டை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். கிணற்றடி பற்றிச் சொன்னது நியாயம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தென்னைக்குக் கீழே உங்கள் உள்ளங்கைப் பேனல் என்ன செய்யும்? ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தால், மறைந்த பரப்பைவிடப் பல மடங்கு மின்சாரம் குறையும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மேகமும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. உடுமலைப் பக்கம் இரண்டு பருவமும் உண்டு. இன்னொன்று: 2025 ஏப்ரல் முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். விலை மலிவு என்று பெயர் தெரியாத சரக்கை வாங்கிவிடாதீர்கள்.

மடத்துக்குளம் தென்னைக்காரி:
இத்தனை வாட் கணக்குப் போட்டவர்களில் ஒருவருக்கும் அந்த ஆணி கண்ணில் படவில்லையா? தம்பி, தென்னையில் ஆணி அடிக்காதீர்கள். மற்ற மரம் போலத் தென்னைக்குக் காயம் மூடாது. அந்த ஓட்டையில்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும். கேபிள் போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம், காய்க்கிற மரம் போனால்? கிணற்று வெட்டவெளியில் இரும்புக் குழாய் நட்டு அதன் மேல் வையுங்கள். காற்றில் மரம் ஆடினால் படமும் ஆடும், குழாய் ஆடாது. பேனலுக்கும் வெயில் கிடைக்கும், மயில் எச்சத்தை மட்டும் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

அடுத்தது, கேமராவை எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்கள்? எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலைப் பார்த்து ஒன்று மாட்டினார். அங்கே பெண்கள் துணி துவைப்பார்கள், குளிப்பார்கள். ஊர் திரண்டு வந்து கழற்ற வைத்தது. திருடனைப் பிடிப்பதற்கு முன் இவர் பஞ்சாயத்தில் நின்றார்.

எல்லாம் சரியாக அமைந்து நள்ளிரவு இரண்டு மணிக்குப் படம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து எழுபது கிலோமீட்டர். என்ன செய்வீர்கள்? இரண்டு கேமரா விலையில் பக்கத்துத் தோட்டத்துக் காவலாளுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கலாம்.

வெயில்காய்ச்சி:
அக்கா, காவலாளும் தூங்குவார். அறிவிப்பு அவர் கைபேசிக்கும் போகும்படி வைத்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: முதல் மாதம் நாயும் காட்டுப்பன்றியும் ஒரே இரவில் நாற்பது முறை எழுப்பின. ஆளை மட்டும் பிரித்தறியும் வசதியைப் போட்ட பிறகுதான் அப்பா கைபேசியைத் திரும்பத் தொட்டார்.

கிணற்றுமேடு:
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மோட்டார் அறைக்குள் காணொளி அழைப்பு உடைகிறது. கிணற்று மேட்டில் ஏறி நின்றால் தெளிவாகப் போகிறது. ஆகவே குழாய் அங்கேதான். காலை எட்டு முதல் மாலை நான்கு வரை அங்கே உட்கார்ந்து நிழல் எப்படி நகர்கிறது என்று பார்த்தேன். மூன்று மணிக்கு மேல்தான் மட்டை நிழல் வருகிறது. முதலில் ஒன்று மட்டும் வாங்குகிறேன், தூங்குகிற வகைதான். முகம் கிணற்றைப் பார்த்து, முதுகு வாய்க்காலுக்கு. காவலாளிடம் பேசினேன். மாதக் கூலிக்குச் சம்மதித்தார், ஆனால் அவரிடம் இருப்பது பொத்தான் போன். அறிவிப்பு வந்தால் அவர் மகன்தான் எழுப்ப வேண்டும்.

பழைய வயர்மேன்:
அப்படியானால் தூங்குகிறவர்கள் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். கார்த்திகை முடிந்ததும் பேட்டரி எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள். கண்ணாடிமேல் சிலந்தி வலை கட்டினால் இரவுப் படம் முழுக்க வெள்ளையாகத்தான் வரும். மகனிடம் ஒரு துணியும் கொடுத்து வையுங்கள்.