லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி என்றாலே தர்ம ஆஸ்பத்திரியா?

தராசு:
இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழப்பமே. லாப நோக்கற்றது என்பது மிச்சப் பணம் போகும் இடத்தைப் பற்றிய விதி. பங்குதாரர் கிடையாது, டிவிடெண்ட் (லாபப் பங்கு) கிடையாது, மிச்சம் ஆஸ்பத்திரிக்கே திரும்ப வேண்டும். நோயாளியிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்று அந்த விதி வாய் திறப்பதில்லை. தர்மம் என்றால் காசில்லாதவர் வாசலில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான்.

நிர்வாகி73:
சட்டம் அப்படிப் பிரிக்கவில்லையே சார். இந்தியாவின் 1961 வருமான வரிச் சட்டம் ஏழைகளுக்கு உதவுவதையும் மருத்துவ உதவியையும் தனித்தனி அறப்பணியாகவே எழுதியது. கட்டணம் வாங்கினாலும் மருத்துவம் அறப்பணிதான். அமெரிக்காவில் 1956 விதிப்படி, வரிவிலக்கு வேண்டுமென்றால் இயன்ற அளவு இலவச சிகிச்சை தந்தாக வேண்டும். 1969இல் அதைத் தளர்த்தி, எல்லோருக்கும் திறந்த அவசரப் பிரிவு போன்ற சமூகப் பயன் இருந்தால் போதும் என்றார்கள்.

தராசு:
ஓட்டை விழுந்ததே அங்கேதான்!

பில்கவுண்டர்:
நடுவில் வருகிறேன். தர்மக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். பில் 1,00,000, ஆஸ்பத்திரிக்கு ஆன அசல் செலவு 40,000. ஏழை நோயாளிக்குப் பாதி தள்ளுபடி. ஆண்டறிக்கையில் '50,000 தர்மம்' என்று ஏறிவிடும். ஆனால் அவர் கட்டிய 50,000இல் செலவு போக 10,000 மிச்சம்! செலவு விலையில் கணக்குப் போட்டால் தர்மம் பூஜ்யம். இன்னொன்று வாராக்கடன். கேட்டுக் கேட்டு வசூலாகாமல் போனதை வருடக் கடைசியில் தர்மத்தோடு சேர்ப்பது. முன்கூட்டியே தெரிந்து விட்டுக்கொடுத்தால்தான் அது தர்மம்.

நிர்வாகி73:
கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சமே கூடாது என்றால் ஆஸ்பத்திரி ஓடாது. மெஷின் தேய்வதற்காக வருடந்தோறும் கணக்கில் எழுதும் தேய்மானத்தை வாங்கிய விலையில்தான் போடுவோம். பத்து வருடம் கழித்து ஸ்கேன் மெஷினை மாற்றும்போது விலை ஏறியிருக்கும், அந்தத் தொகை பற்றாது. நன்கொடையை நம்பலாம் என்பீர்கள். கட்டடத்துக்குக் கொடுத்தவர் பெயரில் கல்வெட்டு வைக்கலாம், பஞ்சுக்கும் சலைனுக்கும் யார் வைப்பது? 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் தருபவர்களின் வருமானத்தில்தான் இலவச அறுவை சிகிச்சை செய்துவருகிறது.

தராசு:
அங்கே மிச்சம் இலவச நோயாளியிடம் போய்ச் சேருகிறது. அறங்காவலரின் உறவினர் நடத்தும் லேபுக்கு டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம், கட்டடத்துக்கு அளவுக்கு மீறிய வாடகை என்று போனால் டிவிடெண்ட் இல்லாமலே லாபம் வெளியேறிவிடும். நிதிநிலை அறிக்கையில், நிர்வாகத்துக்கு வேண்டப்பட்டவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கலைச் சொல்லும் 'தொடர்புடைய தரப்பினர்' குறிப்பைத்தான் நான் முதலில் புரட்டுவேன்.

பில்கவுண்டர்:
நோயாளியின் வீட்டாருக்கு அந்தக் குறிப்பால் என்ன பயன்? அட்மிஷனின்போதே உதவித்தொகை விண்ணப்பம் எங்கே, வருமான வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2010 மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, வரிவிலக்கு பெறும் ஆஸ்பத்திரியின் உதவி விதிகள் எழுத்திலேயே இருக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம், முதல் 120 நாளில் வழக்குப் போடக்கூடாது.

நிர்வாகி73:
விண்ணப்பம் பல நேரம் நிராகரிக்கப்படுவது வருமானச் சான்று இல்லாமல்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தராசு:
தினக்கூலிக்காரர் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவார்? அந்தப் படிவத்தை எழுதியது உங்கள் பக்கம்தானே சார்.