மாருதி 800 (1997): மேட்டுல இன்ஜின் கத்துது, வண்டி ஏறல. கியர்பாக்ஸை இறக்கணுமா?

கேள்வி:
கார்புரேட்டர் மாடல், 4 கியர். கோத்தகிரி மலைப்பாதையில் மூணாவது கியர்ல ஆக்ஸிலேட்டரை மிதிச்சா சத்தம் ஏறுது, வேகம் ஏறல. சமதரையில் 60-க்கு மேல இழுவை இல்லை. செகண்ட் கியர் விழும்போது சில நேரம் கரகரன்னு கேட்குது. கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் பண்ணியாச்சு, மாற்றம் இல்லை. மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்றார். அதுக்கு முன்னாடி என்ன பார்க்கலாம்?

பதில் 1:
பெட்ரோலோ கரண்டோ குறைஞ்சா சத்தமும் சேர்ந்து அமுங்கும், வண்டி விக்கும். உங்களுக்குச் சத்தம் ஏறுது. சக்தி இருக்கு, சக்கரத்துக்குப் போய்ச் சேரல. நடுவுல இருக்கிற கிளட்ச் வழுக்குதுன்னு சந்தேகம். கார்புரேட்டரை இனி தொட வேண்டாம் சார்.

முதல்ல கிளட்ச் பெடலைக் கையால அமுக்குங்க. 15–20 மி.மீ. சும்மா இறங்கணும். கிளட்ச் பிளேட் (இன்ஜின் சுழற்சியைப் பிடிச்சு கியர்பாக்ஸுக்குக் கடத்துற தட்டு) தேயத் தேய இந்த ஆட்டம் குறையும். சுத்தமா இல்லாமப் போனா ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிச்சா கிளட்சை அழுத்தி விடுவிக்கிற பேரிங்) அழுத்திக்கிட்டே நிற்கும். கிளட்சைப் பாதி மிதிச்சுக்கிட்டு ஓட்டுற கதைதான். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் நுனியில இருக்கிற நட்டைத் தளர்த்திச் சரி பண்ணலாம்.

அப்புறம் சமதரையில், எதிரே யாரும் இல்லாம, சக்கரத்துக்கு முன்னால கல் வச்சு, ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுங்க. நாலாவது கியர், லேசா ஆக்ஸிலேட்டர், கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உடனே அணையணும். அணையாம ஓடினா கிளட்ச் வழுக்குது. ஒரு தடவை போதும். ஒவ்வொரு தடவையும் பிளேட் கருகும்.

கேட்டவர்:
பெடல்ல ஆட்டமே இல்லாம இருந்துச்சு. நட்டைத் தளர்த்தி 20 மி.மீ. வச்சாச்சு. அப்படியும் மூணு விநாடி ஓடித்தான் அணைஞ்சது.

பதில் 2:
அப்போ பிளேட் தேஞ்சிருக்கு, இல்லைன்னா அதுல ஆயில் ஏறியிருக்கு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக்கு அடியில விரலை வச்சுப் பாருங்க. கறுப்பா, தண்ணியா ஒட்டினா இன்ஜின் ஆயில். கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல் (ஆயில் கசியாம தடுக்கிற ரப்பர் வளையம்) போயிருக்கு. கெட்டியா, கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில். கியர்பாக்ஸுக்குள்ள போற இன்புட் ஷாஃப்ட்டோட சீல் போயிருக்கு. சீலை மாத்தாம பிளேட் போட்டா அதுவும் நனையும். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், அதனால பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் ஒண்ணா மாத்துங்க. பிளேட் ஒட்டுற இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீல்ல நீலத் திட்டு இருந்தா சூடேறி வழுக்கின அடையாளம். லேத்ல கொடுத்து முகத்தைச் சீவிச் சமமாக்கணும்.

பதில் 1:
இறக்குறதுக்கு முன்னாடியே செகண்ட் கியர் ஏன் கரகரக்குதுன்னும் தீர்மானிச்சிடுங்க. ஐடில்ல கிளட்சை முழுசா மிதிச்சு, அஞ்சு எண்ணி, ரிவர்ஸ் போடுங்க. அதுவும் கரகரத்தா, மிதிச்சாலும் கிளட்ச் இன்ஜினை முழுசா விடுவிக்கல. ரிவர்ஸ் அமைதியா விழுந்து செகண்ட் மட்டும் கரகரத்தா சிங்க்ரோ ரிங் (கியர் விழும்போது வேகத்தைச் சமமாக்குற வளையம்) தேய்மானம். பாக்ஸ் கீழே இருக்கும்போதே அதையும் மாத்திடலாம். திரும்ப ஏத்தினதும் வண்டியைச் சமமா நிறுத்தி, கியர்பாக்ஸ் பக்கவாட்டுல இருக்கிற லெவல் துளையில கசியுற வரைக்கும் ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் ஊத்துங்க.