லைன் சூப்பர்வைசராக முதல் 90 நாள்: செயல்திட்டம் எழுதுவது எப்படி?

நொய்யல்கரை:
வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் இணைத்துத் தைக்கும் மிஷின்) டைலராக வேலை பார்த்த எனக்கு, சென்ற மாதம் கைமடிகள் (டைலர்களுக்கு உதவும் கையாள்கள்) உட்பட 32 பேர் கொண்ட டி-ஷர்ட் லைனின் (தையல் வரிசையின்) சூப்பர்வைசர் பொறுப்பைக் கொடுத்தார்கள். முதல் 90 நாள்களுக்கு ஒரு செயல்திட்டம் எழுதித் தரும்படி உற்பத்தி மேலாளர் கேட்டார். 'குழு உணர்வை வளர்த்தல், தகவல் தொடர்பை மேம்படுத்துதல், முன்மாதிரியாக நடத்தல்' என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'இதைத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு எப்படிச் செய்வீர்கள்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். நேற்று வரை ஒன்றாக டீ குடித்தவர்களிடம் இன்று டார்கெட் கேட்பதே சங்கடமாக இருக்கிறது. லைனில் பதினொரு பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் எனக்கும் பொது மொழி இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய பாபின்:
உங்கள் மேலாளர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். யார், எப்போது, என்ன செய்வார் என்பது இல்லாத வரியைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். 'தகவல் தொடர்பு' என்பதற்குப் பதில், 'தினமும் வேலை தொடங்கும்போது ஐந்து நிமிடம் நின்று, நேற்றைய பீஸ் கணக்கையும் திரும்பி வந்த இரண்டு குறைகளையும் சொல்வேன்' என்று எழுதலாம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் வீதம் எல்லாரிடமும், 'நேற்று உங்கள் வேலை எதனால் நின்றது?' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது பாதிப் பேர் ஊசியைத்தான் சொன்னார்கள். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து ஒப்படைத்தால்தான் புது ஊசி கிடைக்கும். அந்த விதி சரியானதுதான். ஆனால் துண்டுகளை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் மறுகோடியில் இருந்த ஸ்டோருக்கு டைலரே நடக்க வேண்டியிருந்தது. ஊசிப் பொறுப்பாளரை லைனுக்கே வரவழைக்க அனுமதி வாங்கினேன். அதன்பிறகு நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். உங்கள் அதிகாரத்துக்குள் தீர்க்கக்கூடிய ஒன்றை முதல் மாதத்திலேயே தீர்த்துக் காட்டுங்கள்.

கடிகார முள்:
நான் தொழிற்பொறியியல் பிரிவில் இருக்கிறேன். ஒரு வாரப் பொறுமையில் எனக்கு உடன்பாடில்லை. ஷிப்மென்ட் பத்து நாளில் இருந்தால் யார் காத்திருப்பார்கள்? மணிவாரி உற்பத்திப் பலகையை முதல் நாளே மாட்டலாம். ஆனால் அதில் எண் மட்டும் இருந்தால் அது திட்டுவதற்கான பலகையாகிவிடும். காரணம் எழுதவும் ஒரு கட்டம் வேண்டும்.

மணிக்கு 100 பீஸ் என்றால் ஒவ்வொரு ஆபரேஷனிலும் (தையல் வேலையின் ஒவ்வொரு படியிலும்) 36 வினாடிக்கு ஒரு பீஸ் வெளியே வர வேண்டும். கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) வைப்பவர் ஒருவரே இருந்து அவருக்கு 45 வினாடி ஆகிறதென்றால், மற்றவர்கள் எவ்வளவு விரைவாகத் தைத்தாலும் லைன் 80-ஐத் தாண்டாது. 'எல்லாரும் வேகமாகப் பாருங்கள்' என்று கத்துவது வீண். யார் மிஷின் முன்னால் பண்டில் (தைக்க வேண்டிய துணிக்கட்டு) குவிகிறதென்று பார்த்து, அங்கே ஆளையோ மிஷினையோ சேர்ப்பதுதான் சூப்பர்வைசர் வேலை.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ஆண்டன் என்ற முறை உண்டு. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் அவரிடம் போவார். குறித்த எல்லைக்குள் தீராவிட்டால் லைன் நிற்கும். நம் லைன்களிலோ கை தூக்குபவருக்கே திட்டு விழுகிறது. பிறகு தையல் விட்டுப்போனது ஃபைனல் செக்கிங்கில்தான் தெரிகிறது. 'குறைகளைக் குறைப்பேன்' என்பதைவிட, 'கை தூக்கியவரிடம் இரண்டு நிமிடத்தில் போய் நிற்பேன்' என்று எழுதுங்கள்; அதைச் செய்தீர்களா இல்லையா என்று எண்ணிப் பார்க்கலாம்.

மல்லிகைப் பந்தல்:
மனிதவளப் பிரிவிலிருந்து சில சொற்கள். பழைய நண்பர்களிடம் முதலில் தனியாகப் பேசிவிடுங்கள். ஓவர்டைமும் எளிய ஆபரேஷனும் யாருக்கு எப்போது கொடுத்தீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். பாரபட்சப் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒடிசாக்காரர்களில் ஓரளவு தமிழ் பேசுபவரை மொழிபெயர்க்க வைப்பதானால், அந்த நேரத்துக்கு அவருடைய டார்கெட்டைக் குறையுங்கள். இல்லையேல் உதவி செய்ததற்கே அவர் தண்டனை அனுபவிப்பார்.

பெண் தொழிலாளி யாரேனும் பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், நீங்களே பஞ்சாயத்துப் பேசி முடிக்க நினைக்காதீர்கள். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண் தலைமையில், பாதிப் பேராவது பெண்களாக உள்ள, இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றி. பலகையை மாட்டிவிட்டேன், கேள்வியையும் கேட்கத் தொடங்கிவிட்டேன். நேற்று ஏழு பேரிடம் கேட்டதில் நால்வர் சொன்னது ஒன்றுதான்: கருநீலத் துணி ஓடும்போது பேட்லாக் (ஓர மடிப்புத் தைக்கும்) மிஷின்களுக்கு மேலே இருக்கும் டியூப் லைட் வெளிச்சம் போதவில்லை. அதே லைனில் ஒன்பது ஆண்டு உட்கார்ந்திருந்தும், ஓவர்லாக் பக்கமே இருந்த எனக்கு அது தெரியாமல் போயிற்று. எலக்ட்ரீஷியனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிய திட்டத்தின் முதல் வரியும் அதுதான்.