64 ஜிபி ரேம் போட்டும் விண்டோஸ் சர்வர் 32 தான் எடுக்குதுங்க, எங்க சிக்குது?

நூல்கண்டு, திருப்பூர்

வணக்கமுங்க. பனியன் கம்பெனி சர்வர் இது. ரெண்டு சாக்கெட் போர்டு, ஆனா சிபியூ ஒண்ணுதான், சியான் இ5-2620. சிபியூ 1 பக்கம் எட்டு ஸ்லாட், ஏ1, ஏ2-ல இருந்து டி1, டி2 வரைக்கும். முன்னாடி நாலு 8 ஜிபி ஸ்டிக் இருந்துச்சு. இப்ப அதே மாதிரி டிடிஆர்3 இசிசி ரெஜிஸ்டர்டு ஸ்டிக் இன்னும் நாலு வாங்கிப் போட்டாச்சு. கணக்குப்படி 64 வரோணும்.

பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற போர்டு சாஃப்ட்வேர்) 56-னு காட்டுது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்டு, 64 பிட். சிஸ்டம் பக்கத்துல "56.0 ஜிபி (32.0 ஜிபி யூசபிள்)"னு வருது. எம்எஸ்கான்ஃபிக்ல மேக்ஸிமம் மெமரி டிக் அடிச்சு 65536 குடுத்து ரீஸ்டார்ட் பண்ணியும் அதேதான். ரேம் டூப்ளிகேட்டா, போர்டு போச்சா, விண்டோஸ்ல கோளாறா? ஈஆர்பி (கம்பெனி கணக்கு, ஸ்டாக், பில் பார்க்கிற சாஃப்ட்வேர்) சாயங்காலம் ஆனா ரொம்ப ஸ்லோ, அதுக்குத்தான் ரேமே வாங்கினது.

பீளமேடு வயர்

உங்ககிட்ட ரெண்டு கோளாறு தனித்தனியா இருக்குதுங்க. ஒண்ணா சேர்த்துப் பார்த்தா தலை சுத்தும், பிரிச்சுக்கலாம்.

பயாஸ் பார்த்தது 56. எட்டுல ஒரு ஸ்டிக் அதுக்கே தெரியலை. விண்டோஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, பயாஸ் பார்க்காத ரேமை எந்த ஓஎஸ்ஸும் பார்க்க முடியாது. அடுத்து, விண்டோஸ் "56" சொல்றது பயாஸ் எழுதி வெச்ச எஸ்எம்பயாஸ் பட்டியலைப் படிச்சு. "32 யூசபிள்" சொல்றதுதான் அது நெசமா எடுத்துக்கிட்ட அளவு. நடுவுல விட்ட 24, விண்டோஸ் தானே வெச்சிருக்கிற வரம்பு. 2008 ஆர்2-ல ஸ்டாண்டர்டு எடிசனுக்கு 32 ஜிபி, ஃபவுண்டேசனுக்கு 8, என்டர்பிரைஸ், டேட்டாசென்டருக்கு 2 டிபி. ரிசோர்ஸ் மானிட்டர்ல மெமரி டேப் பாருங்க, "ஹார்டுவேர் ரிசர்வ்டு"னு 24 ஜிபி கிட்ட காட்டும். பேரைப் பார்த்து ஹார்டுவேர்ல ஏதோ பிடிச்சு வெச்சிருக்குதுன்னு நினைச்சுக்காதீங்க. எடிசன் வரம்புக்கு மேல இருக்கிறதையும் அதே கணக்குலதான் தள்ளுது.

அந்த மேக்ஸிமம் மெமரி டிக்கை முதல்ல எடுத்து விடுங்க. அது ரேமைக் குறைக்க மட்டும் உதவும், கூட்டாது. டிக் கிடந்தா பின்னாடி ஒரு நாள் ரேம் கூட்டும்போது அதுவே முட்டுக்கட்டையா நிக்கும்.

எந்த ஸ்லாட் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுக்க, கமாண்ட் ப்ராம்ப்ட்ல டபிள்யூமிக் கூப்பிட்டு மெமரிசிப் பட்டியல்ல டிவைஸ்லொக்கேட்டர், கெப்பாசிட்டி ரெண்டையும் கேளுங்க. ஏழு வரி வரும். வராத எட்டாவது எதுன்னு எழுதுங்க.

பவானி கரை

விண்டோஸைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு லைவ் லினக்ஸை பென் டிரைவ்ல போட்டு பூட் பண்ணிப் பார்த்தா சந்தேகமே இருக்காது. ஃப்ரீ கமாண்ட் 55 ஜிபி சொச்சம் காட்டுச்சுன்னா, 32 வரம்பு விண்டோஸோடதுன்னு கண்ணால பார்த்தாப்ல ஆச்சு. டிமெசேஜ் (dmesg) கமாண்ட் வெளியீட்டோட தொடக்கத்துலயே பயாஸ்-இ820 பட்டியல் வரும், பயாஸ் ஓஎஸ் கையில குடுக்கிற மெமரி வரைபடம் அதுதான். டிஎம்ஐடிகோட் டைப் 17 குடுத்தா ஸ்லாட்வாரியா அளவு, வேகம், பார்ட் நம்பர் எல்லாம் வந்துரும். காலியா தெரியிற ஸ்லாட்ல "நோ மாட்யூல் இன்ஸ்டால்டு"னு இருக்கும்.

பயாஸ்ல மெமரி மோடையும் பார்த்துக்கோங்க. மிரரிங்ல இருந்தா பாதிதான் கிடைக்கும், ஸ்பேரிங்னா ஒரு பங்கை ஒதுக்கிரும். உங்க கணக்குக்கு அது பொருந்தலை, ஆனாலும் ஒரு தடவை பார்க்கிறதுல நட்டம் இல்லை.

நூல்கண்டு, திருப்பூர்

மோடு இண்டிபெண்டன்ட்னு இருக்குதுங்க. லைவ் லினக்ஸ்ல 55 சொச்சம் வந்துச்சு. பட்டியல்ல டி2 தான் இல்லை. டிக்கை எடுத்தாச்சுங்ணா.

பீளமேடு வயர்

டி2 மட்டும்னா இப்படிப் பண்ணுங்க. ஷட்டவுன் பண்ணி, ரெண்டு பவர் சப்ளை இருந்தா ரெண்டு வயரையும் புடுங்குங்க. யூபிஎஸ் ஆஃப் பண்ணா போதும்னு விட்டுராதீங்க, வயர் சொருகி இருக்கிற வரைக்கும் ஸ்டேண்ட்பை கரண்ட் போர்டுல இருக்கும். புடுங்கின பொறவு பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. கேபினட் இரும்பைத் தொட்டுட்டுத்தான் ரேமைத் தொடோணும்.

டி2-ல இருக்கிற ஸ்டிக்கை ஏ2-க்கும், ஏ2-ல இருக்கிறதை டி2-க்கும் மாத்துங்க. வேற எதையும் அசைக்காதீங்க. திரும்ப பயாஸ்ல பார்க்கும்போது ஏ2 காணாமப் போனா ஸ்டிக்தான் குத்தம், கடையில திருப்பிக் குடுத்துரலாம். டி2-வே காணாம இருந்தா ஸ்லாட் பக்கம் கோளாறு.

நூல்கண்டு, திருப்பூர்

மாத்திப் பார்த்தாச்சு. டி2 தான் மறுபடியும் காலியா காட்டுது. அப்ப போர்டு போச்சுங்களா? சிபியூ சாக்கெட் பின் வளைஞ்சிருக்கலாம், கழட்டிப் பார்த்துரலாம்னு ஒருத்தர் சொல்றார்.

பீளமேடு வயர்

சித்தப் பொறுங்க, சிபியூவைக் கழட்டாதீங்க. மெமரி கன்ட்ரோலர் சிபியூவுக்குள்ளதான் இருக்குது, அதனால பின் வளைஞ்சா ரேம் காணாமப் போறது உண்மை. ஆனா டி சேனல்ல டி1 நல்லா ஓடுதே! ஒரு சேனலோட டேட்டா லைன் ரெண்டு ஸ்லாட்டுக்கும் பொது. டேட்டா பின் கெட்டிருந்தா டி1-ம் சேர்ந்து படுத்திருக்கும், இல்லாட்டி எர்ரர் கொட்டியிருக்கும். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் தனியா போறது சிப் செலக்ட், கிளாக் மாதிரி சில லைன்தான். அதனால முதல் சந்தேகம் டி2 ஸ்லாட்டோட தொடுப்பு மேலதான். எல்ஜிஏ 2011 சாக்கெட்ல கை வெச்சு நல்லா இருக்கிற பின்னை வளைச்சவங்கதான் ஜாஸ்தி.

திருப்பூர்னா முதல்ல பஞ்சைப் பாருங்க. நிட்டிங் பக்கத்துல இருக்கிற சர்வர்ல காலியா கிடந்த ஸ்லாட்டுக்குள்ள பஞ்சுத் தூசி படிஞ்சு கிடக்கும். ஸ்டிக்கை மேல வெச்சு அமுக்கினா அது மெத்தை மாதிரி அடியில அமுங்கி, ஒரு சில காண்டாக்ட்டைத் தொட விடாது. லாட்ச் ரெண்டும் டக்குனு விழுந்தாலும் இது நடக்கும். டார்ச் அடிச்சு ஸ்லாட் பள்ளத்தைப் பாருங்க.

சுத்தம் பண்ண, கேன்ல வர்ற காத்தும் நைலான் இல்லாத மெல்லிய பிரஷும் போதும். மெஷினுக்கு வெச்சிருக்கிற கம்ப்ரசர் ஏர் கன் வேண்டாம், அதுல தண்ணியும் ஆயிலும் சேர்ந்து வரும், பிரஷரும் அதிகம். ஃபேனைச் சுத்த விடாம விரலால பிடிச்சுட்டு ஊதுங்க. ஸ்டிக்கோட தங்க நிற விளிம்பை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு படாத துணியில துடைங்க. ரப்பர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் இங்க நிறைய பேருக்கு இருக்குது. முலாம் தேயும், துகளும் உதிரும், எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

கரூர் தறி

ஊடால ஒரு சந்தேகம். உபுண்டு சர்வர்ல 64 போட்டா ஃப்ரீ 62.7 காட்டுது. இதுவும் ஸ்லாட் கோளாறா?

பவானி கரை

இல்லீங்க. ஸ்லாட் போனா ஒரு முழு ஸ்டிக் அளவு குறையும். கெர்னல் தனக்கு எடுத்துக்கிறது, பயாஸ் ஒதுக்கினது, கிராஷ்கெர்னல் (கெர்னல் விழுந்தா விவரம் சேமிக்க ஒதுக்கற இடம்) இருந்தா அது, எல்லாம் போக மிச்சம்தான் அது. கவலைப்பட வேண்டியதில்லை.

நூல்கண்டு, திருப்பூர்

அண்ணா, ஸ்லாட்டுக்குள்ள பஞ்சு நெசமாவே இருந்துச்சு. சுத்தம் பண்ணிப் போட்டதும் பயாஸ் 64-னு சொல்லிருச்சு. விண்டோஸ் "64.0 (32.0 யூசபிள்)". அடுத்து என்டர்பிரைஸ் வாங்கிரலாமா?

பீளமேடு வயர்

முதல்ல ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட விடுங்க, குறைஞ்சது ஒரு முழு பாஸ். இசிசி ரேம்ங்கிறதால ஒத்தைப் பிட் பிழையை அதுவே திருத்திக்கும், மெம்டெஸ்ட்ல தெரியாமலே போகலாம். ஐபிஎம்ஐ (சர்வர் போர்டுலயே இருக்கிற கண்காணிப்பு வசதி) ஈவென்ட் லாக்ல டி2 பேர்ல கரெக்டபிள் எர்ரர் விழுதான்னும் சேர்த்துப் பாருங்க. விழுந்தா அந்த ஸ்லாட்டை நம்பாதீங்க.

எடிசன் மாத்த வழி இருக்குது. டிஸ்ம்ங்கிற விண்டோஸ் கமாண்ட்ல கெட்-டார்கெட்எடிசன்ஸ் கேட்டா எதுக்கு மாறலாம்னு சொல்லும், செட்-எடிசன் குடுத்து என்டர்பிரைஸ் கீ போட்டா ரீ-இன்ஸ்டால் இல்லாம மாறிரும். ஆனா காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்விக்குப் பதில் வேணுங்க. சாயங்காலம் ஸ்லோவா இருக்கிறப்ப டாஸ்க் மேனேஜர்ல எத்தனை ஜிபி செலவாகுது? ஈஆர்பிக்குப் பின்னாடி எந்த எஸ்க்யூஎல் சர்வர் (டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்)? மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவுல "செலக்ட் @@வெர்ஷன்" குடுத்தா தெரியும்.

நூல்கண்டு, திருப்பூர்

மெம்டெஸ்ட் சுத்தமா முடிஞ்சுது, லாக்ல எதுவும் இல்லை. சாயங்காலம் 11 ஜிபி தானுங்க ஓடுது. எஸ்க்யூஎல் சர்வர் 2008 ஆர்2 எக்ஸ்பிரஸ்.

பீளமேடு வயர்

அப்ப என்டர்பிரைஸ் வாங்காதீங்க. 32-லயே 21 சும்மா கிடக்குது. எக்ஸ்பிரஸ் எடிசன் பஃபர் பூலுக்கு (டேட்டாவை ரேம்ல வெச்சிருக்கிற இடம்) 1 ஜிபிக்கு மேல எடுக்காது, டேட்டாபேஸும் ஒவ்வொண்ணும் 10 ஜிபியோட நின்னுரும். 64 இல்லை, 640 போட்டாலும் அது 1 ஜிபியைத்தான் பார்க்கும். மிச்சத்துக்கு டிஸ்கைத்தான் தட்டும், அதனால டேட்டாபேஸ் ஃபைலை எஸ்எஸ்டிக்கு மாத்தினா அன்னைக்கே வித்தியாசம் தெரியும். டேட்டாபேஸ் இப்ப எத்தனை ஜிபின்னும் பார்த்துக்கோங்க. 10-ஐ நெருங்கி இருந்தா ஒரு நாள் பில் போடறப்பவே நின்னுரும்.

பவானி கரை

இன்னொண்ணு, 2008 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2020 ஜனவரி 14-ஓட முடிஞ்சுது. அதுக்குப் புதுசா எடிசன் கீ வாங்கறது வீண். புது ரேமைக் கழட்ட வேண்டாம். 2019-க்கோ 2022-க்கோ போறப்ப ஸ்டாண்டர்டுலயே இந்த வரம்பு டிபி கணக்குல இருக்குது, 64-ம் அப்படியே வந்துரும். லைசென்ஸ் விலை கேக்கறப்ப ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: 2016-ல இருந்து கோர் கணக்கு, உங்க சிபியூவுல 6 கோர்தான்னாலும் சர்வருக்குக் குறைஞ்சது 16 கோருக்கு வாங்கோணும். எஸ்க்யூஎல்லையும் சேர்த்தே புதுசுக்கு மாத்துங்க. எஸ்க்யூஎல் 2008 ஆர்2 பேக்கப்பை எஸ்க்யூஎல் 2019-ல ரெஸ்டோர் பண்ணலாம், ஆனா அங்கிருந்து திரும்பி வர முடியாது. அதனால பழைய பேக்கப்பை அழிக்காம எடுத்து வெச்சுட்டு, ஈஆர்பிக்காரங்ககிட்ட 2019-ல ஓடும்னு எழுத்துல வாங்கிட்டு ஆரம்பிங்க.

நூல்கண்டு, திருப்பூர்

டேட்டாபேஸ் 7.4 ஜிபி இருக்குதுங்க. எஸ்எஸ்டிக்குச் சொல்லியாச்சு. வந்ததும் ஃபைலை மாத்திட்டு இங்கயே எழுதறேன்.