அணுச் சோதனை நடந்த தீவில் மக்களை மீளக் குடியமர்த்த முன் எதை அளக்க வேண்டும்?

வெள்ளவத்தை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 23 அணுச் சோதனைகளை நடத்திய பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினித் தீவைப் பற்றி விஞ்ஞானக் கழகத்தில் பேச இருக்கிறேன். இன்று அங்கே தரைக்கு மேலுள்ள காமாக் கதிர்வீச்சு பெரிதும் குறைந்துவிட்டதாக வாசித்தேன். அப்படியிருந்தும் மக்கள் ஏன் திரும்பிச் சென்று வாழவில்லை? கதிர்வீச்சு மானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாதா?

தெஹிவளை ஆசிரியர்:

முடியாது, தங்கச்சி. 1968இல் ஜனாதிபதி ஜோன்சன் பிகினி மக்கள் ஊர் திரும்பலாம் என்று அறிவித்தார். 1970களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் போய்க் குடியேறின. அவர்கள் உள்ளூர்த் தேங்காயையும் இளநீரையும் எவ்வளவு உட்கொள்வார்கள் என்பது குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் அவர்களுடைய உடலில், அணு வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 ஏறிக்கொண்டே போனது தெரியவந்ததும், 1978இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் மறுபடியும் மூட்டை கட்டுவது எத்தகைய வேதனை என்பதை நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

காரணம் மண்ணில் இருக்கிறது. அது பவளப்பாறை தேய்ந்து உண்டான சுண்ண மண். சீசியத்தை இறுகப் பற்றி வைத்திருக்கும் களி அதில் இல்லை, பொற்றாசியமும் மிகக் குறைவு. இரசாயன இயல்பில் சீசியம் பொற்றாசியத்தை ஒத்தது என்பதால், பொற்றாசியத்தைத் தேடும் தென்னை வேர் சீசியத்தை உறிஞ்சித் தேங்காயில் சேர்த்துவிடுகிறது. நிலத்துக்கு மேலே பிடித்த மானி இந்த வழியைக் காட்டாது.

கொட்டாஞ்சேனை வாசகர்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். மண்ணை ஆழவாரியாக வெட்டியெடுத்து அளக்க வேண்டும். தேங்காய், ஈரப்பலாக்காய், தென்னை நண்டு, கடல்மீன் ஆகியவற்றைத் தனித்தனியே உலர்த்தி, அரைத்து, ஆய்வுகூடத்தில் அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை தேங்காய் உடைக்கிறார்கள், கப்பலில் வரும் அரிசி எவ்வளவு என்பதை வீடு வீடாகக் கேட்டறிய வேண்டும். குண்டிலிருந்து மிஞ்சிய புளூட்டோனியம் அல்பாத் துணிக்கைகளை வெளிவிடுவது; காமா மானி அவற்றைக் காட்டாது. மூச்சோடு போகும் தூசியில் அதைத் தனியே தேட வேண்டும்.

சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் கணிப்பின்படி, முழுக்க உள்ளூர் உணவையே உண்பவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மில்லிசீவேட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கும். உலகில் இயற்கையாகக் கிடைப்பதன் சராசரி 2.4 தான். மேல்மண்ணைத் தீவு முழுவதும் சுரண்டினால் விளைநிலமே போய்விடும். ஆகவே குடியிருப்பைச் சுற்றி மட்டும் மண்ணை அகற்றி, தோட்டங்களுக்குப் பொற்றாசிய உரம் இடுவதையே பரிந்துரைத்தார்கள். நம் தென்னைக்கு இடும் அதே எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு) உரம், தேங்காயில் சேரும் சீசியத்தை ஏறக்குறைய பத்திலொன்றாகக் குறைக்கிறது.

வெள்ளவத்தை மாணவி:

மிக்க நன்றி, ஐயா. சீசியத்தின் அரைவாழ்வுக் காலம் 30 ஆண்டு. காத்திருந்தால் போதாதா?

தெஹிவளை ஆசிரியர்:

மழைநீர் சீசியத்தை வேருக்குக் கீழே கழுவிச் செல்வதால் அது அங்கே 30 ஆண்டை விட விரைவாகவே குறைகிறது. ஆனால் எண் குறைந்தால் மட்டும் மக்கள் நம்பிவிட மாட்டார்கள். 1954 மார்ச் 1இல் பிகினியில் வெடித்த பிராவோ குண்டின் சாம்பல் படிந்ததால் வெளியேற்றப்பட்ட, அருகிலுள்ள ரொங்கலாப் தீவு மக்களை 1957இல் திருப்பி அனுப்பினார்கள்; பாதுகாப்பு என்ற சொல்லை நம்ப முடியாமல் 1985இல் அவர்களே ஊரை விட்டு வெளியேறினார்கள். பின்னாளில் அங்கே, ஒருவரின் உடலுக்குள் இருக்கும் கதிரியக்கத்தை அளக்கும் முழுவுடல் அளவியை நிறுவி, மார்ஷல் தீவினரையே பயிற்றுவித்து இயக்கச் செய்தார்கள். குடியேறிய பின்னரும், தன் உடலில் சீசியம் எவ்வளவு என்பதை ஒருவர் தன் ஊர்க்காரரிடமே அளந்து அறிய முடிய வேண்டும். கழகத்தில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.